ஒரே காட்சி, இரண்டு படங்கள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில் இருக்கிறது அமராவதிபுதூர். அங்கிருந்து என் தங்கை மகன் கைப்பேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். சிங்கப்பூரிலிருந்து அவன் அப்பச்சி வாங்கி வந்த ப்ளேஸ்டேஷன் 5 பெட்டியில் ஓடிய ஒரு விளையாட்டு. ஓட்டத்தை நிறுத்திவைத்து, அதே காட்சியை இரண்டு விதமாக எடுத்திருந்தான். முதல் படம் டிவி திரையைக் கைப்பேசியால் எடுத்தது. கோலப்பொடியைத் தட்டிவிட்டதுபோல் திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இரண்டாவது, பெட்டியே எடுத்த ஸ்கிரீன்ஷாட். அதில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

பிறகு பேசினான். "அம்மான், நடுநடுவுல ரெண்டு செகண்டு படமே போயிருது, அப்புறம் தானா வருது. கடையில காட்டுனோம். போர்டு போயிருச்சு, புதுசு வாங்குறதுதான் நல்லதுன்னு சொல்லிட்டாங்க. போர்டு போயிருந்தா ஸ்கிரீன்ஷாட் மட்டும் எப்படி நல்லா வருது? நீங்களே சொல்லுங்க."

பன்னிரண்டு வயதுப் பையன் கேட்ட இந்தக் கேள்விக்குள் பழுது பார்க்கும் கலையின் பாதி அடங்கியிருக்கிறது. பழுது எது என்று தேடுவதற்குமுன், படம் எந்த இடம்வரை நன்றாக இருக்கிறது, எந்த இடத்திலிருந்து கெடுகிறது என்று தேட வேண்டும். அந்த எல்லைக்கோட்டைப் போட்டுக் காட்டும் கருவி ஸ்கிரீன்ஷாட். நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்பட மட்டுமே அந்தப் பொத்தானைப் பயன்படுத்துகிறோம். மருத்துவரின் எக்ஸ்ரே செய்யும் வேலையை அது வீட்டிலேயே, காசில்லாமல் செய்துதரும்.

எப்படி என்று பார்ப்போம். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் படமும் அப்படிப்பட்ட ஒரு தளம்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்துக் கல். 1080 என்று சொல்லப்படும் படத்தில் 1920 கல் அகலம், 1080 கல் உயரம், மொத்தம் 20,73,600 கற்கள். 4கே படத்தில் அதைப்போல் நான்கு மடங்கு: 82,94,400. பெட்டிக்குள் இருக்கும் வரைகலைச் சில்லு இந்தத் தளத்தை நொடிக்கு 60 தடவை புதிதாகப் பாவுகிறது. ஒரு தளத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. பாவி முடித்த தளம் நினைவகத்தின் ஒரு பகுதியில் கிடக்கும். அதற்கு ஃப்ரேம் பஃபர் என்று பெயர்.

ஸ்கிரீன்ஷாட் பொத்தானை அழுத்தினால், இந்த நினைவகத்தில் இருக்கும் தளத்தைத்தான் பெட்டி நகலெடுத்துச் சேமிக்கிறது. டிவிக்கு அதில் வேலையே இல்லை. நகலெடுத்த இடத்துக்கு அப்பால் படத்துக்கு இன்னும் நீண்ட பயணம் பாக்கியிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. சில்லு அதைச் சமிக்ஞையாக்க வேண்டும், பெட்டியின் பின்னால் உள்ள துளை வழியாக வெளியேற வேண்டும், வயரில் ஓட வேண்டும், டிவியின் துளைக்குள் நுழைய வேண்டும், டிவி அதைத் தன் அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ வேண்டும், கடைசியில் பலகையில் ஒளிர வேண்டும். பட்டறையில் அடுக்கிய கல்லைப் படமெடுத்துவிட்டு லாரியில் ஏற்றுவதைப் போன்றது இது. பட்டறைப் படத்தில் முழுதாக இருக்கும் கல், வீட்டு வாசலில் இறக்கும்போது விரிசலோடு இருந்தால் அச்சைக் குறை சொல்வதில் பொருளில்லை. வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் விழுந்தால் அது வரைகலைச் சில்லிலோ, நினைவகத்திலோ, விளையாட்டின் நிரலிலோ இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து திரை மட்டும் கெட்டிருந்தால் கோளாறு அதற்கு அப்பால். ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எச்.டி.எம்.ஐ. சில்லும் துளையும் பெட்டிக்குள்தான் இருக்கின்றன, ஆனால் நகலெடுக்கும் இடத்துக்கு அப்பால் இருக்கின்றன. எனவே சுத்தமான ஸ்கிரீன்ஷாட் பெட்டியை முழுக்க விடுதலை செய்துவிடாது. அதன் மூளைக்கு மட்டும் நற்சான்று தரும். வேறு வயர், வேறு டிவி என்று மாற்றிப் பார்த்தும் புள்ளிகள் தொடர்ந்தால் அந்தச் சில்லையோ துளையையோ சந்தேகிக்கலாம்.

பையனின் பேச்சில் இன்னொரு தடயமும் இருந்தது. விளையாட்டு நின்றிருக்கிறது, படம் அசையவில்லை. ஆனால் புள்ளிகள் மட்டும் இடம் மாறி மாறி மினுங்கிக்கொண்டிருந்தன என்று சொன்னான். நினைவகத்தில் இருக்கும் படமே கெட்டிருந்தால் கறை பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றிருக்கும். நின்ற படத்தின்மேல் ஓடுகிற புள்ளிகள் வழியில் ஏறிக்கொண்டவை.

இந்த வழித்தொல்லை புதிதல்ல. 1990-களில் சிறுவர்களாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீடியோ கேம் கேசட்டைச் செருகினால் திரையில் சாம்பல் கட்டங்கள் வரும், அல்லது எழுத்துகள் கலைந்து நிற்கும். உடனே கேசட்டைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை வாயருகே வைத்து, புல்லாங்குழல்போல் ஒரு மூச்சு ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். படம் வந்துவிடும். ஊதியதால் வந்தது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

உண்மையில் வேலை செய்தது மூச்சு அல்ல, மறுபடி செருகியது. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபாமிகாம் பெட்டியின் கேசட்டுக்கு 60 தொடுபற்கள். நம் கடைகளில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள். அந்த 60 பற்களில் ஒன்றின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்தாலும் ஒரு முகவரியோ ஒரு தரவுக் கம்பியோ அறுந்துபோகும், படம் சிதறும். பிடுங்கிச் செருகும்போது உலோகம் உலோகத்தோடு உரசி அந்தப் படலம் சுரண்டப்படுகிறது, தொடுப்பு கிடைக்கிறது. மூச்சோ, ஈரத்தையும் எச்சிலின் உப்பையும் கொண்டுபோய் அங்கே பூசுகிறது. இன்றைக்குப் படம் வந்துவிடும், நாளடைவில் பல் பச்சையேறும். கேசட்டில் ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பற்களைத் துடைத்துக் காயவிடுவதே சரியான வழி.

இந்த அரிப்பைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாகச் 'செக்ரி', இங்கேதான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, ஒன்றின்மேல் இன்னொன்றை மின்சாரத்தால் எப்படிப் பூசுவது என்பவை அதன் அடிப்படைத் துறைகள். உங்கள் எச்.டி.எம்.ஐ. வயரின் முனையை உற்றுப் பாருங்கள். 19 பற்கள் மஞ்சளாக மின்னும். செம்புக் கலவையின்மேல் நிக்கல், நிக்கலின்மேல் தங்கம். தங்கத்தின் கனம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தங்கம் ஆக்சிஜனோடு சேராது, அதனால் படலம் படியாது. நடுவில் உள்ள நிக்கல், அடியிலுள்ள செம்பு மெல்ல ஊடுருவித் தங்கத்தைத் தாண்டி மேலே வந்துவிடாமல் தடுக்கும் சுவர். அந்த மெல்லிய பூச்சு தேய்ந்த வயரில் மீண்டும் பழைய கேசட்டின் கதைதான்.

அந்தக் கேசட் காலத்திலேயே வெளிநாட்டிலிருந்து பெட்டி வாங்கி வந்த வீடுகளில் இன்னொரு ஏமாற்றம் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியைச் செருகினால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். பெட்டி பழுது என்று அட்டத்தில் போட்டுவிடுவார்கள். இந்தியாவில் 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது நாம் தேர்ந்துகொண்ட முறை பால்: 625 வரிகள், நொடிக்கு 50 புலங்கள், நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க, ஜப்பானிய முறையான என்.டி.எஸ்.சி.யில் 525 வரிகள், ஏறத்தாழ 60 புலங்கள், நிற அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். நிற அலையை டிவி தேடும் இடத்தில் அது இல்லை. அதனால் நிறம் போயிற்று. 50-க்குப் பழகிய டிவி 60-ஐப் பிடிக்க முடியாமல் தடுமாறியது. அதனால் படம் உருண்டது. பெட்டியும் நல்ல பெட்டி, டிவியும் நல்ல டிவி. இரண்டும் வேறு வேறு மொழி பேசின, அவ்வளவுதான். அப்படி அட்டத்துக்குப் போன நல்ல பெட்டிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எச்.டி.எம்.ஐ. வந்த பிறகு இந்த மொழிச் சிக்கலுக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். பெண் பார்க்க வருமுன் சாதகத்தைக் கொடுத்தனுப்புவதுபோல், படம் ஓடத் தொடங்குமுன் டிவி தன் குறிப்பைப் பெட்டிக்கு அனுப்புகிறது. முதலில் பெட்டி 18-ஆம் பல் வழியே 5 வோல்ட் கொடுக்கிறது. 'நான் இருக்கிறேன்' என்று டிவி 19-ஆம் பல்லில் பதில் சொல்கிறது. அடுத்து 15, 16 ஆகிய பற்கள் வழியே பெட்டி டிவியின் குறிப்பைப் படிக்கிறது: எந்தெந்த அளவு காட்ட முடியும், நொடிக்கு எத்தனை தடவை, எந்த ஒலி. ஈ.டி.ஐ.டி. எனப்படும் இந்தக் குறிப்பின் முதல் பகுதி 128 பைட்டுகள் மட்டுமே. பிறகு நகலெடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. பூட்டின் சாவிகளை இருவரும் ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் ஒத்தபிறகே படம்.

திரை முற்றிலும் கறுப்பாக, 'சிக்னல் இல்லை' என்று நின்றால் பெரும்பாலும் இந்தப் பேச்சுவார்த்தைதான் முறிந்திருக்கும். இரண்டையும் அணைத்து, சுவிட்சையும் அணைத்து, வயரை இரு பக்கமும் கழற்றி மாட்டி, டிவியை முதலில் போட்டுவிட்டுப் பெட்டியைப் போட்டால் பேச்சு புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், டிவியால் காட்ட முடியாத ஓர் அளவில் பெட்டி பிடிவாதமாக நிற்கிறது என்று பொருள். பெரிய டிவியில் பழகிய பெட்டியைப் பழைய 32 அங்குல டிவியில் மாட்டும்போது இது நடக்கும். ப்ளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் பெட்டியை முழுக்க அணைத்து, பவர் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள். அழுத்தியதும் ஒரு 'பீப்', ஏறத்தாழ ஏழு நொடி கழித்து இன்னொரு 'பீப்'. இரண்டாவது கேட்டதும் விடுங்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை யூ.எஸ்.பி. வயரால் இணைத்தால், பாதுகாப்பு முறையில் படத்தின் அளவை மாற்றும் வழி கிடைக்கும்.

திரை இருண்டிருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் சோதனையை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஏற்கெனவே கைப்பேசியில் ரிமோட் ப்ளே இணைத்து வைத்திருந்தால், அதைத் திறந்து பாருங்கள். அதற்கும் படம் நினைவகத்திலிருந்துதான் போகிறது. கைப்பேசியில் படம் வந்து டிவியில் வராவிட்டால் எல்லைக்கோடு விழுந்துவிட்டது.

பழுதே இல்லாமல் பழுதுபோல் தோன்றும் சங்கதிகளும் உண்டு. படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, மூலையில் இருக்கும் மதிப்பெண் பாதி மறைகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் முழுதாக இருக்கிறது. இது குழாய் டிவி காலத்தின் எச்சம். அந்நாளில் படத்தின் ஓரம் நேராக நிற்காது என்பதால், ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் பெரிதாகவே காட்டுவார்கள். தட்டை டிவிக்கு அது தேவையில்லை; ஆனால் பல டிவிகள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. படத்தின் அளவை மாற்றும் பட்டியலில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அதை நிறுத்தும் வசதி இருக்கும். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால், அல்லது இருண்ட இடங்கள் மையைக் கொட்டியதுபோல் அப்பிக்கிடந்தால், பெட்டி 0 முதல் 255 வரை எண்ணுகிறது, டிவி 16 முதல் 235 வரை எண்ணுகிறது, அல்லது நேர்மாறு. பெட்டியின் படப் பிரிவில் ஆர்.ஜி.பி. வீச்சு என்று இருப்பதைத் தானியங்கியில் விடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டே தகராறு செய்தால்? சில காட்சிகளில் எடுக்கவே விடாது. கதை முன்கூட்டி வெளியே போய்விடாமல் விளையாட்டை உருவாக்கியவர்களே அங்கே தடை போட்டிருப்பார்கள். திரைப்படச் செயலிகளிலும் காப்புரிமைக்காக அப்படியே. வீடியோ பிடிக்கும் கருவியை இடையில் மாட்டிக் கறுப்புப் படம் மட்டும் வந்தால் எச்.டி.சி.பி. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. ப்ளேஸ்டேஷன் அமைப்புகளில் விளையாட்டுக்கு மட்டும் அதைத் திறந்துகொள்ளலாம். நிண்டெண்டோ ஸ்விட்சைப் பெரிய டிவியில் மாட்டி ஆடினாலும் அதன் ஆல்பத்தில் படம் 1280-க்கு 720 அளவில்தான் விழும். மங்கலாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

பலரைக் குழப்புவது எச்.டி.ஆர். படம். டிவியில் சூரியன் கண்ணைப் பறிக்கும். அதே ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசிக்கு மாற்றிப் பார்த்தால் பழஞ்சேலைபோல் வெளிறிக் கிடக்கும். எச்.டி.ஆர். படத்தில் ஒளி அளவுகள் வேறொரு கணக்கில் எழுதப்படுகின்றன. அந்தக் கணக்குத் தெரியாத திரை பழைய கணக்கிலேயே படிக்கிறது. படம் கெடவில்லை, படிக்கும் அளவுகோல்தான் மாறியிருக்கிறது. அனுப்புவதற்காக எடுக்கும்போது எச்.டி.ஆரை அணைத்துவிட்டு எடுத்தால் போதும்.

இனி, கறை ஸ்கிரீன்ஷாட்டிலேயே விழும் நிலை. கட்டம் கட்டமாகத் தப்பு நிறம், முக்கோணங்களாகக் கிழிந்து நீளும் உருவங்கள், ஒரே இடத்தில் வரும் கோடுகள். ஒரு விளையாட்டில் மட்டும் வந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள். எல்லா விளையாட்டிலும் வந்தால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். செட்டிநாட்டின் மே மாத வெயிலில், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிக்குள் பெட்டியை வைத்து மூடினால், அது விட்ட அனல் காற்றையே அது மறுபடி இழுக்கிறது. வெளியே எடுத்து, நாற்புறமும் ஒரு சாண் இடம்விட்டு, துவாரங்களின் தூசியை எடுத்துவிட்டு, ஆறியபின் போட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து சூடேறியதும் கறை வந்தால் தேர்ந்த கைக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். அங்கே மட்டும் 'போர்டு' என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்வேன்.

ஐப்பசி, கார்த்திகை இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை நாளில் மின்செருகியை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தெருவிலிருந்து வரும் கேபிள் வயரும் மாடியிலிருந்து இறங்கும் டிஷ் வயரும் செட்டாப் பாக்ஸ் வழியே டிவியோடு, டிவி வழியே விளையாட்டுப் பெட்டியோடு கோத்தபடியே இருக்கின்றன. அருகில் இடி விழும்போது அந்த வழியே பாயும் மின்னழுத்தம் எச்.டி.எம்.ஐ. துளைகளைத்தான் முதலில் சாகடிக்கும். அவற்றையும் சேர்த்துக் கழற்றிவையுங்கள்.

பையன் படம் அனுப்பியதை அடுத்து வந்த விடுமுறையில் அமராவதிபுதூர் போனேன். முகப்பைத் தாண்டியதும் விஷயம் விளங்கிவிட்டது. பெட்டி பையனின் அறையில். பொங்கலுக்கு வாங்கிய 4கே டிவி பட்டாலையில். இடையில் பத்து மீட்டர் வயர், சுவரோரமாக, நிலையைச் சுற்றிப் போயிருந்தது. முந்தைய டிவிக்காக வாங்கிய அதே வயர். 1080 படத்தை அனுப்ப ஒவ்வொரு இணைக்கம்பியும் நொடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட்டுகள் சுமந்தால் போதும். 4கே-க்கு அதே கம்பி ஏறத்தாழ 600 கோடி சுமக்க வேண்டும். வேகம் கூடக்கூட மின் அலை கம்பியின் தோலோடு ஒட்டி ஓடத் தொடங்கும். உறையிலும் ஆற்றல் கரையும். பத்து மீட்டர் கடந்து டிவியை அடையும்போது ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் வேறுபாடு தேய்ந்திருக்கும். டிவி தப்பாகப் படித்த ஒவ்வொரு புள்ளியும் பச்சையாகவோ சிவப்பாகவோ மினுங்கியது. படிக்கவே முடியாதபோது இணைப்பு அறுந்து, இரண்டு நொடி இருண்டு, மறுபடி கைகோத்தது.

பையனிடம் பெட்டியின் அமைப்பில் 4கே-யை 1080-க்கு இறக்கச் சொன்னேன். புள்ளிகள் ஒன்றுவிடாமல் மறைந்தன. மறுபடி 4கே. மறுபடி புள்ளிகள். மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, "அப்ப வயரா அம்மான்?" என்றான். அதே அமைப்பில் 4கே அனுப்பும் வேகத்தைக் குறைக்க இருக்கும் வசதியையும் காட்டினேன். அதைக் குறைத்தபோது புள்ளிகள் குறைந்தன, முழுக்கப் போகவில்லை.

மறுநாள் காரைக்குடியில் இரண்டு மீட்டர் வயர் ஒன்று வாங்கினோம். பெட்டியைப் பட்டாலைக்கே கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்தோம். 4கே, எச்.டி.ஆர். இரண்டும் ஒரு புள்ளி சிதறாமல் ஓடுகின்றன. பழைய பத்து மீட்டர் வயரைத் தங்கை தூக்கி எறியவில்லை. இரண்டாங்கட்டில் ஆயா பார்க்கும் பழைய டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே அதை மாட்டியிருக்கிறாள். அந்த வேகத்துக்கு அது இன்றும் குறையில்லாமல் உழைக்கிறது.